வர்க்கியும் 35 கேள்விகளும்: கோத்தகிரி உணவு ஆலோசனை அறையிலிருந்து

கோத்தகிரியில் ஒரு சிறிய மருத்துவமனையின் உணவு ஆலோசனைப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், படுகர் கிராமங்களைச் சேர்ந்த சிறு விவசாயிகள், கடை ஊழியர்கள், ஓய்வு பெற்ற அரசுப் பணியாளர்கள் எனப் பலரும் சர்க்கரை நோய், உடல் எடை, மூட்டுவலி ஆகியவற்றுக்காக மருத்துவரைப் பார்த்துவிட்டு என்னிடம் அனுப்பப்படுவார்கள். அவர்களில் கணிசமானோர் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: "எல்லாம் தெரியுதுங்க மேடம், ஆனா விட முடியல." வாக்கியம் ஒன்றாக இருந்தாலும் அதன் பின்னால் இருக்கும் காரணங்கள் ஒன்றல்ல. சிலர் உண்மையிலேயே கட்டுப்பாட்டை இழந்திருப்பார்கள். சிலர் பகல் முழுவதும் பட்டினி கிடந்துவிட்டு இரவில் அள்ளிச் சாப்பிடுபவர்கள். சிலருக்கு மாத்திரையால் பசி எடுத்திருக்கும். வேறு சிலர் வீட்டில் என்ன சமைக்கிறார்களோ அதை நிறைய உண்பவர்கள், அவ்வளவுதான். இவர்களைப் பிரித்தறியாமல் எல்லோருக்கும் ஒரே உணவுப் பட்டியலை எழுதிக் கொடுப்பதில் பயனில்லை என்று தோன்றியதால், உணவு அடிமைத்தனத்தை அளப்பதற்கென்று உருவாக்கப்பட்ட வினாப்படிவத்தை வழக்கமான உணவு விசாரணையுடன் சேர்த்துப் பயன்படுத்தத் தொடங்கினேன். அதை நம்பத்தக்க முறையில் பயன்படுத்துவது எப்படி என்பதைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

இத்துறையில் பெரிதும் பயன்படுத்தப்படுவது யேல் உணவு அடிமைத்தன அளவுகோல். ஆஷ்லி கியர்ஹார்ட், வில்லியம் கார்பின், கெல்லி பிரௌனெல் ஆகியோர் 2009-இல் அதை வெளியிட்டார்கள். போதைப் பொருள் சார்புநிலையை அடையாளம் காண மனநல மருத்துவர்கள் பயன்படுத்திய அளவைகளை உணவுக்குப் பொருத்தி, 25 கேள்விகளாக ஆக்கியிருந்தார்கள். மனநோய்களுக்கான அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013-இல் வந்து அந்த அளவைகள் மாறியதால், 2016-இல் 35 கேள்விகள் கொண்ட இரண்டாம் வடிவம் வந்தது. நினைத்ததைவிட அதிகமாக உண்பது, குறைக்க முயன்று முடியாமல் போவது, தீராத ஏக்கம், முன்பு போதுமாக இருந்த அளவு போதாமல் போவது, நிறுத்தினால் எரிச்சலும் தலைவலியும் வருவது, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்வது, உணவால் உறவிலும் கடமையிலும் சிக்கல் வருவது போன்ற 11 அறிகுறிகளைக் கடந்த 12 மாதங்களுக்கு அது விசாரிக்கிறது. 2 அல்லது 3 அறிகுறிகள் இருந்தால் இலேசானது, 4 அல்லது 5 என்றால் நடுத்தரம், 6 அல்லது அதற்கு மேல் கடுமையானது. ஆனால் இவற்றோடு, அந்த உணவுப் பழக்கத்தால் மனவேதனையோ அன்றாட வாழ்வில் பாதிப்போ இருந்தாக வேண்டும். அது இல்லையென்றால் அறிகுறிகள் எத்தனை இருந்தாலும் உணவு அடிமைத்தனம் என்று கணக்கில் வராது.

இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அடுத்ததாக விடுபடுவது மதிப்பெண் போடும் முறை. ஒவ்வொரு கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' என்பதிலிருந்து 'தினமும்' என்பது வரை எட்டு விடைகள் உண்டு. அவற்றுக்கு 0 முதல் 7 வரை எண் கொடுத்து, 35-ஐயும் கூட்டி ஒரு மொத்தத்தை எழுதிவிடுவது எளிது, அது தவறு. எவ்வளவு அடிக்கடி நடந்தால் அறிகுறியாகக் கொள்ளலாம் என்பதற்கு ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனி வரம்பு வகுக்கப்பட்டிருக்கிறது. வரம்பைத் தாண்டியதா இல்லையா என்று முதலில் பார்த்து, பிறகு எத்தனை அறிகுறிகள் நிறைவேறின என்றுதான் எண்ண வேண்டும். கூட்டல் தொகையைக் குறித்து வைத்தால், எப்போதாவது எல்லாவற்றையும் கொஞ்சம் அனுபவிப்பவரும், இரண்டு மூன்று அறிகுறிகளால் தினமும் அவதிப்படுபவரும் தாளில் ஒன்றுபோல் தெரிவார்கள்.

கேள்விகளைக் கேட்பதற்கு முன் எந்த உணவுகளைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். மூலப் படிவம் இனிப்புகள், மாவுப் பண்டங்கள், உப்பு நொறுக்குகள், கொழுப்பு மிகுந்தவை, சர்க்கரைப் பானங்கள் என்று வகைப்படுத்திச் சில எடுத்துக்காட்டுகளைத் தருகிறது. டோனட், பேகன், சீஸ்பர்கர் ஆகியவை எங்கள் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளான லைன் வீடுகளில் யாருக்கும் பொருள் தராதவை. நான் வர்க்கி என்னும் மொறுமொறுப்பான மைதாப் பண்டம், தேங்காய் பன், பப்ஸ், மிக்சர், பஜ்ஜி, பரோட்டா, கடைகளில் எடைபோட்டு விற்கும் சாக்லேட், பாக்கெட் சிப்ஸ், ஐந்து ரூபாய் பத்து ரூபாய்க் கிரீம் பிஸ்கட் என்று மாற்றிச் சொல்கிறேன். மாவுப் பண்டங்களின் வரிசையில் மூலப் படிவம் சோற்றையும் சேர்த்திருப்பது இங்கே பெரிய குழப்பத்தை உண்டாக்குகிறது. "சோறு இல்லாம ஒரு நாள் இருக்க முடியுமா?" என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். மூன்று வேளையும் சோறு உண்ணும் மக்களிடம் அது ஏக்கத்தின் அறிகுறியல்ல. அது அன்றாட உணவு. சோற்றுக்காக ஒளிந்துகொள்பவரையோ, சோற்றை நினைத்து வேலையில் கவனம் சிதறுபவரையோ நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஆகவே சோறு, களி, இட்லி ஆகியவற்றைத் தனியே குறித்துக்கொண்டு, கேள்விகளை மற்ற பண்டங்களைப் பற்றி மட்டும் கேட்கிறேன். இப்படி மாற்றிக்கொண்ட படிவத்தின் முடிவை வெளிநாட்டு ஆய்வுகளின் விழுக்காட்டோடு ஒப்பிடக் கூடாது என்பதும் தெரிந்தே செய்வதுதான். ஒரே மனிதரை இரண்டு காலங்களில் ஒப்பிடுவதற்கே நான் அதை வைத்திருக்கிறேன்.

தேயிலை நாட்டுக்கே உரிய இன்னொரு சிக்கல், தலைவலி. "காலைல டீயும் வர்க்கியும் இல்லேன்னா தலை வெடிக்குது" என்று சொல்பவர்கள் ஏராளம். இதை அப்படியே நிறுத்தல் அறிகுறியாகப் பதிந்துவிட்டால் நீலகிரியில் பாதிப் பேரை உணவுக்கு அடிமைகள் என்று எழுதிவிடலாம். தினமும் ஐந்தாறு முறை தேநீர் அருந்துபவர் திடீரென நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல் வருவது தேயிலையில் உள்ள காஃபீனின் விளைவு. மூலப் படிவமே காஃபீன் பானங்களை விட்டதால் வரும் தொந்தரவைச் சேர்க்க வேண்டாம் என்று எச்சரிக்கிறது. நான் சொல்வது எளிய சோதனை: வழக்கமான தேநீரைக் குடியுங்கள், கூடச் சாப்பிடும் வர்க்கியை மட்டும் சில நாட்கள் விட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்குத் தலைவலி வருவதில்லை. வராதவர்களிடம் அந்த அறிகுறியை அடித்துவிடுகிறேன். தலைவலி இல்லாவிட்டாலும் மனம் ஒரு நிலையில் இல்லை, பேக்கரி வாசலைக் கடக்கவே சிரமமாக இருக்கிறது என்று திரும்பி வந்து சொல்பவர்களிடம்தான் மேற்கொண்டு கேட்க வேண்டியது இருக்கிறது.

குளிரையும் எல்லோரும் காரணமாகச் சொல்கிறார்கள். மூடுபனி இறங்கிய மாலையில் சூடாகவும் மொறுமொறுப்பாகவும் எதையாவது தின்னத் தோன்றுவது இயல்பு, எனக்கும் தோன்றும். அதனால் மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ உறவினர் வீட்டில் தங்கிய நாட்களில் இதே ஆவல் இருந்ததா என்று தவறாமல் கேட்கிறேன். மலையிறங்கியதும் மறந்துபோனது என்றால் சூழலுக்கும் பழக்கத்துக்கும் அதில் பங்கு அதிகம். வெயிலிலும் கடை தேடிப் போனேன் என்றால் வேறு விதமாக யோசிக்க வேண்டும்.

12 மாதங்களை நினைவுகூர்வது யாருக்கும் எளிதல்ல. "மாதம் இரண்டு மூன்று முறையா, வாரம் ஒரு முறையா" என்று கேட்டால், பதில் சொல்பவர் நம் முகத்தைப் பார்த்து ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுவார். எனவே முதலில் ஆண்டைத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறேன்: தீபாவளி போனஸ் வந்த சமயம், பனி விழுந்த மார்கழி, படுகர்களின் ஹெத்தை பண்டிகை, மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டம், ஆடி மழை. ஒவ்வொன்றிலும் எப்படி இருந்தது என்று கேட்ட பிறகே எண்ணிக்கைக்கு வருகிறேன். இதில் ஒரு பயன் கூடுதலாகக் கிடைக்கிறது. பண்டிகையிலும் சீசனிலும் மட்டும் அதிகமாகச் சாப்பிடுபவர் யார், எல்லா மாதங்களிலும் ஒரே மாதிரி இருப்பவர் யார் என்பது தானாகத் தெரிந்துவிடுகிறது.

பசிக்கும் அடிமைத்தனத்துக்கும் உள்ள வேறுபாட்டில்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். கொழுந்து பறிக்கும் பெண்களில் பலர் காலையில் தேநீருடன் கிளம்பி, மதியம் கொஞ்சம் சோறு, மாலை எடை போட்டுவிட்டு வீடு திரும்பிய பின் சமையல், பிள்ளைகள், பிறகு தாங்கள் என்று இரவு ஒன்பது மணிக்கு நிறைவாக உண்பவர்கள். அடுப்படியில் நின்றபடியே கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போட்டுக்கொள்வதாகச் சொல்வார்கள். நிறுத்த முடியவில்லை, பிறகு வருத்தமாக இருக்கிறது என்றும் சொல்வார்கள். படிவத்தில் நான்கைந்து அறிகுறிகள் விழுந்துவிடும். அமெரிக்க ஆய்வாளர் அன்செல் கீஸ் 1944, 45-இல் மினசோட்டாவில் 36 இளைஞர்களை அரைப்பட்டினியில் வைத்து நடத்திய ஆய்வு இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. உணவைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனதும், கட்டுப்பாடு நீங்கியபின் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் தின்றதும், அதுவரை உணவில் எந்தச் சிக்கலும் இல்லாத மனிதர்களிடம் பதிவாயின. பட்டினி மட்டுமே அத்தகைய நடத்தையை உண்டாக்கிவிடும். ஆகவே முதல் சந்திப்பின் மதிப்பெண்ணை நான் முடிவாக எடுப்பதில்லை. காலை ஏழு மணிக்குள் இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் ராகிக் களியோ, வேலையிடத்துக்கு ஒரு கைப்பிடி அவித்த பயறோ வேர்க்கடலையோ, மாலை நாலரை மணிக்கு ஏதேனும் ஒன்று என்று சில வாரங்கள் ஒழுங்குபடுத்திவிட்டு மீண்டும் கேட்கிறேன். ஒரு சாராருக்கு அறிகுறிகள் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. எடை குறைக்க வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டையே நிறுத்திவிட்ட கல்லூரி மாணவிகளுக்கும் இது பொருந்தும். மறையாமல் நிற்பவர்களே நான் தேடுபவர்கள்.

மருந்துச் சீட்டையும் அதே நாளில் பார்த்துவிட வேண்டும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாதவருக்கு இரத்தச் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, இனிப்பைத் தேடி ஓட வைக்கும். அது உடம்பு உயிர் காக்கச் செய்யும் வேலை. அதை ஏக்கம் என்று பதிவது ஆபத்தானது. ஸ்டீராய்டு மாத்திரைகளும், மனநல மருந்துகளில் ஓலன்சபின் போன்றவையும் பசியைக் கூட்டும். மருந்தை நாமாக மாற்றச் சொல்லாமல், மருத்துவருக்குக் குறிப்பெழுதி அனுப்ப வேண்டும்.

அதிகமாக உண்பதும் உணவுக்கு அடிமையாவதும் எவ்வளவு தூரம் ஒன்றோடொன்று சேர்ந்து போகின்றன என்பது ஆய்வாளர்களும் விவாதிக்கும் கேள்வி. 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்த அளவுகோலின்படி சராசரியாக 19.9 விழுக்காட்டினர் உணவு அடிமைத்தன வரையறைக்குள் வந்தார்கள். அதிக எடையும் உடற்பருமனும் உள்ளவர்களில் 24.9, இயல்பான எடையுள்ளவர்களில் 11.1. எடை கூடியவர்களிலும் நான்கில் மூன்று பேர் அடிமைத்தனம் இல்லாமலேயே எடை கூடியிருக்கிறார்கள். இயல்பான எடையுள்ளவர்களில் ஏறக்குறைய ஒன்பதில் ஒருவர் அதில் சிக்கியிருக்கிறார். என் அறையிலும் அப்படித்தான். சாக்லேட் தயாரிக்கும் கூடமொன்றில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், உடல் நிறை எண் (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ.) 29, சீசனில் உடைந்த துண்டுகளையெல்லாம் நாள் முழுக்க வாயில் போட்டுக்கொள்வார். சீசன் முடிந்து கூடம் மந்தமானால் அவருக்கு அந்த நினைப்பே இருக்காது. வேதனையும் இல்லை, மறைப்பும் இல்லை. அவருக்கு வேண்டியது வேலையிடத்தில் ஒரு விதிமுறையும், வேகமான நடையும். அவருக்கு நேரெதிராக, உடல் நிறை எண் 22-ஐத் தாண்டாத ஓய்வு பெற்ற பெண்மணி ஒருவர் தன் தெருவில் இருக்கும் பேக்கரியை விட்டுவிட்டு, யாரும் தெரியாத இடத்துக்கு மினி பஸ் ஏறிப் போய் வர்க்கி வாங்கி, நிறுத்தத்திலேயே தின்றுவிட்டு, காலி உறையைக் குப்பையில் போட்ட பின்பே வீடு திரும்புவார். உறவினர் திருமணத்துக்குப் போனால் பந்தியில் தன்னை இழந்துவிடுவோம் என்று பயந்து அழைப்புகளையே தவிர்த்திருக்கிறார். எடை பார்க்கும் கருவி அவரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இந்தியர்களுக்கு அதிக எடையின் தொடக்கம் 23 என்று இறக்கி வைத்திருக்கும் வரம்பின்படியும் அவர் நலமாக இருப்பவர்தான்.

எனவே உண்ணும் அளவை நான் தனியாகவே அளக்கிறேன், அதை அடிமைத்தன மதிப்பெண்ணுடன் கலப்பதில்லை. ஆனால் தாங்களே சொல்லும் அளவை மட்டும் நம்ப முடியாது. உணவுக் கட்டுப்பாட்டுக்குப் பலன் கிடைக்கவில்லை என்று சொன்ன பருமனானவர்களை 1992-இல் அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, அவர்கள் உண்ட கலோரியைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்துச் சொல்லியிருந்தது தெரிந்தது. பொய் சொல்லும் நோக்கம் பெரும்பாலும் இருப்பதில்லை. நின்றபடி தின்றதும், ருசி பார்த்ததும், தேநீரில் கரைந்ததும் யாருக்கும் உணவாக நினைவில் நிற்பதில்லை. ஆதலால் மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை கிலோ சர்க்கரை வாங்குகிறீர்கள், நியாய விலைக் கடையில் எவ்வளவு, வெளியில் எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பது எனக்குப் பயன்படுகிறது. ஒரு நாளைக்கு ஆறு கோப்பை தேநீர், கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் அதுவே ஏறக்குறைய 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுமைக்கும் சொல்லும் மேல்வரம்பு ஏறக்குறைய அவ்வளவுதான். இதைக் கணக்குப் போட்டுக் காட்டியதும் பலர் திகைக்கிறார்கள், ஏனென்றால் அவர்களுடைய மனத்தில் 'இனிப்பு' என்றால் லட்டு.

கட்டுக்கடங்காமல் ஒரே மூச்சில் உண்பது, அதிகமாக உண்பதற்கும் அடிமைத்தனத்துக்கும் நடுவில் நிற்கிறது. அது அங்கீகரிக்கப்பட்ட நோய். அமெரிக்கக் கையேட்டிலும், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினொன்றாம் பதிப்பிலும் இடம்பெற்றிருக்கிறது. உணவு அடிமைத்தனமோ இரண்டிலும் இல்லை. வேகமாக உண்பது, வயிறு வலிக்கும் வரை உண்பது, பசியில்லாமல் உண்பது, வெட்கத்தால் தனியே உண்பது, பின்னர் தன்மீதே அருவருப்புக் கொள்வது ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்று இருந்து, வாரத்துக்கு ஒரு முறையாவது மூன்று மாதங்கள் நடந்தால் அந்த நோயைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு 1982-இல் வந்த 16 கேள்விகள் கொண்ட தனி அளவுகோல் இருக்கிறது. அடிமைத்தன மதிப்பெண் கூடியவர்களிடம் அதிலும் மதிப்பெண் கூடுவது வழக்கம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கொறித்தபடியே பெரும் வேதனைப்படுபவர் ஒன்றில் வருவார், மற்றதில் வரமாட்டார். அடிமைத்தனம் உணவில் இருக்கிறதா, உண்ணும் செயலில் இருக்கிறதா என்றும் ஆய்வாளர்கள் வாதிட்டு வருகிறார்கள். என் அறைக்கு வருபவர்களில் வெண்டைக்காய்ப் பொரியலுக்காக யாரும் மினி பஸ் ஏறுவதில்லை என்பதால், மைதாவும் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த பண்டத்துக்கு ஒரு தனி வலிமை உண்டு என்ற பக்கமே நான் சாய்கிறேன். 2019-இல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்துப் பார்த்தபோது, மிகையாகப் பதப்படுத்திய உணவு கிடைத்த இரண்டு வாரங்களில், பதப்படுத்தாத உணவு கிடைத்த இரண்டு வாரங்களைவிட அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டதும் அந்த எண்ணத்தை வலுப்படுத்துகிறது.

நம்பகத்தன்மையைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. 2009-ஆம் ஆண்டுப் படிவத்தின் கேள்விகள் ஒன்றோடொன்று இசைந்திருப்பதைக் காட்டும் எண் 0.86, நல்ல எண்தான். ஆனால் எல்லாக் கேள்விகளும் ஒரே திசையில் பதிலளிக்கப்படுகின்றன என்பதை மட்டுமே அது உறுதிசெய்கிறது, அவை சரியான பொருளை அளக்கின்றன என்பதை அன்று. எப்போதும் ஐந்து நிமிடம் வேகமாக ஓடும் கடிகாரமும் தன்னளவில் ஒழுங்கானதே. அதனால் ஒரே மனிதரிடம் இரண்டு மூன்று வாரம் கழித்து, இடையில் எந்த அறிவுரையும் சொல்லாமல், மீண்டும் கேட்டு இரண்டு விடைத்தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். தடுமாறும் கேள்விகள் எவை என்று அப்போதுதான் தெரிகிறது. எங்களிடம் அதிகம் தடுமாறியது, சாப்பாட்டில் கவனம் போய் விபத்து நேரக்கூடிய நிலை வந்ததா என்ற கேள்வி. ஜீப் ஓட்டுநர்கள் கொண்டை ஊசி வளைவுகளில் மிக்சரைக் கொறித்துக்கொண்டு ஓட்டுவதை நினைத்து 'ஆம்' என்பார்கள். அவர்களுக்கு இறங்கிச் சாப்பிட நேரமில்லை என்பதே காரணம். மறுமுறை 'இல்லை' என்பார்கள். இப்போது அந்தக் கேள்விக்குப் பின் "ஏன் அப்படி?" என்று சேர்த்துக் கேட்டு, காரணத்தை ஓரத்தில் எழுதிவைக்கிறேன்.

யார் அருகில் இருக்கிறார்கள் என்பதும் விடையை மாற்றுகிறது. மாமியாரோ கணவரோ பக்கத்தில் அமர்ந்திருக்க, "மறைத்துச் சாப்பிட்டதுண்டா" என்று கேட்பது வீண். லைன் வீடுகளில் சுவர் மெல்லியது, அங்கே போய்க் கேட்பதும் அப்படித்தான். மருத்துவமனையில் கதவை மூடிய அறையில், எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்றால் படிவத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் வேறு வேலை பார்ப்பது போல் இருந்துவிடுகிறேன். நேரமில்லாத நாட்களில் 13 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவம் போதும்; அதில் எதிலாவது சிக்கினால் முழுப் படிவத்துக்கு வரலாம்.

முடிவைச் சொல்லும்போது "நீங்கள் உணவுக்கு அடிமை" என்ற வாக்கியத்தை நான் பயன்படுத்துவதில்லை. அதைக் கேட்டவர்களில் சிலர் நிம்மதியடைவார்கள், பலர் கைவிட்டுவிடுவார்கள். நிறைவேறிய அறிகுறிகளை மட்டும் அவர்கள் பேச்சிலேயே எழுதித் தருகிறேன்: கடையைத் தாண்டிப் போக முடியவில்லை, ஒளித்துச் சாப்பிடுகிறேன், விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். இவற்றில் முதலில் எதை மாற்ற விரும்புகிறார் என்பதை அவரே தேர்ந்தெடுக்கிறார். மேலே சொன்ன பெண்மணி விசேஷத்தைத் தேர்ந்தெடுத்தார், வர்க்கியை அல்ல. வீட்டில் சாப்பிட்டுவிட்டு முகூர்த்தத்துக்கு மட்டும் போய் வருவது என்று தொடங்கி, பிறகு மகளின் பக்கத்தில் பந்தியில் உட்கார்ந்தார். அடுத்த முறை படிவத்தில் வேதனை பற்றிய விடை இறங்கியிருந்தது; ஏக்கம் பற்றிய விடை அப்படியே இருந்தது. கூட்டல் தொகையை மட்டும் பார்த்திருந்தால் இந்த வேறுபாடு எனக்குத் தெரிந்திருக்காது.

கடுமையான பிரிவில் வருபவர்களையும், உண்டபின் வாந்தியெடுக்க முயல்பவர்களையும், பேதி மாத்திரை போடுபவர்களையும், மனச்சோர்வு தெரிபவர்களையும் உணவு ஆலோசனையோடு நிறுத்திவைப்பது சரியல்ல. அவர்களை அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்புகிறேன். மலையிறங்கிப் போக முடியாதவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை) எண்ணைப் படிவத்தின் பின்பக்கம் எழுதிக் கொடுத்து, முதல் அழைப்பை என் அறையிலிருந்தே பேசச் செய்கிறேன்.